வியாழக்கிழமை மீட்டிங்

நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். இது ஊருக்கே தெரியும். இந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் இருசப்பன். உத்திரமேரூர் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில் நைட் வாச்மேன். ராத்திரி முழுக்க நெல் மூட்டைகளை நான் பார்த்துக்கொள்வேன். பகல் முழுக்க என்னை என் மனைவி செங்கேணி பார்த்துக்கொள்வாள். மூட்டைக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவள் அபிப்பிராயம். இரண்டும் போட்ட இடத்தில் கிடக்குமாம். மூட்டையாவது நாஷ்டா கேட்காதாம்.

எங்களுக்கு ஒரே பெண், செவ்வந்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் டேனியல் மகன் ஆல்வினைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து ஊர்ப் பையன். கம்பெனி வேலை. குடி கிடையாது. சர்ச்சுக்குப் போகிறவன் என்பதிலும் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், மீதிப் பேர் டிசம்பரில் கேக் வெட்டுவார்கள். நான் இரண்டு வீட்டிலும் வஞ்சனை இல்லாமல் சாப்பிடுகிறவன். என் வருத்தம் ஒன்றே ஒன்றுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் நானே முன்னால் நின்று கையெழுத்துப் போட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை.

மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வாசலில் வந்து நின்ற அன்று தெருவே கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் தானாக ஏறும்.

“இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. உன் வூட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்,” என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாராவது கதவைத் தட்டிச் சமாதானம் பேசுவார்கள் என்று அரை மணி நேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். யாரும் தட்டவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியுமே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று செங்கேணி சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கோபத்தைக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிட்டேன். தட்டு பறந்துபோய்த் தண்ணீர்க் குடத்தில் மோதியது. அத்தோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. பேத்தியின் பெயரைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி கண் விழிக்கிறவனுக்குப் பகலில் தூக்கம் வர வேண்டும். எனக்கு யோசனைதான் வரும். ஒரு நாள் கட்டிலில் படுத்துக்கொண்டு என் சத்தியத்தை வக்கீல் மாதிரி புரட்டிப் பார்த்தேன். என் வாசப்படி கூடாது. அவள் வாசப்படி கூடாது. சரி. மூன்றாவதாக ஓர் இடம் இருந்தால்? பஸ் ஸ்டாண்டுக்கு வாசப்படி ஏது? ஆற்றங்கரைக்கு ஏது? தற்செயலாக நான் ஒரு பக்கம் போகிறேன், தற்செயலாக அவள் எதிரே வருகிறாள். கண்ணையா மூடிக்கொள்ள முடியும்? சத்தியமும் நிற்கும், பெண்ணையும் பார்த்துவிடலாம்.

இடம்தான் தெரியவில்லை. ஆனால் இடம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை ஆனால் செங்கேணி நூறு நாள் வேலைக்குப் போகமாட்டாள். மகளிர் குழு மீட்டிங் என்பாள். குழு நோட்டு வீட்டு அலமாரியிலேயே கிடக்கும், ஆள் மட்டும் மீட்டிங்குக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கும், கண் சிவந்திருக்கும். எந்தக் குழு மீட்டிங்கிலும் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

“செங்கேணி, என்னையும் கூட்டிக்கினு போ.” நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த நாலு வார்த்தை என் வாயில் வருவதற்குள் நான் உத்திரமேரூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பாண்டியனின் செல்போன் கடை.

“பாண்டியா, ஒரு ஆளு எங்க எங்க போயி யார யார பாக்குதுன்னு கண்டுபுடிக்க முடியுமா?”

“யாருண்ணா ஆளு?”

“சும்மா ஒரு ஆளு.”

“அண்ணி போன எடுத்துனு வந்துகீறியா?”

எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ரீசார்ஜ் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய போன். மேசை மேல் வைத்தேன். என் போனையும் பக்கத்தில் வைத்தேன்.

“மருந்து கம்பெனி ரெப்புங்க இதத்தான் போட்டுனு கீறாங்க,” என்று பாண்டியன் விரலால் தள்ளித் தள்ளி விளக்கினான். “போவாத எடத்துக்குப் போனேன்னு ஆபீசுல பொய் சொல்ல முடியாது. ப்ளூடூத் ஆன்ல இருந்தா போதும். முப்பது அடிக்குள்ள இன்னொரு போனு வந்து கால் மணி நேரம் நின்னுச்சின்னு வெச்சிக்கோ, அந்தப் போன் பேரு, எடம், டைம், மூணையும் தானா குறிச்சி வெச்சிக்கும்.”

“அவ போன்ல குறிச்சா எனக்கு எப்டித் தெரியும்?”

“ரெண்டயும் ஜோடி சேத்துடறேன். சாயந்திரம் ரெண்டு போனும் ஒரே வூட்டுக்குள்ள இருந்தா அதுல கீறது இதுக்கு வந்துரும். இதுல கீறது அதுக்குப் போவாது. நெட்டே வேணாம்.”

“அவளுக்குத் தெரியாதே?”

“எப்டிண்ணா தெரியும்? உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

இதை அவன் முகத்தைத் துளியும் மாற்றாமல் சொன்னான். அந்த முகத்தை நான் நம்பினேன்.

அன்று சாயந்திரமே எங்கள் இரண்டு போன்களும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டன. என் போனில் பட்டியல் வந்தது. ஏரி வேலை நடக்கும் இடத்தில் இருபது போன்கள். சூப்பர்வைசரின் போனுக்கு ‘ஏரிக்கரை எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். எங்கள் பக்கத்து வீட்டு அம்முலுவின் போனுக்கு ‘அம்முலு நைட்டீஸ்’. அவள் மொபெட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நைட்டி விற்கிறவள். இருபது பெயரையும் மூன்று தடவை படித்தேன். செவ்வந்தி இல்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் வந்தது.

‘செவ்வந்தி ஆல்வின். திருமுக்கூடல். 10.50 முதல் 1.15 வரை.’

பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு ‘செவ்வந்தி இருசப்பன்’ என்று எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது என் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நாலு வருஷம் கழித்து அந்தப் பெயரைப் பார்த்ததே பெரிய விஷயமாக இருந்தது. திரை அணைய அணையத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தேன்.

“இன்னாய்யா போனயே மொறச்சினு கீற?” என்றாள் செங்கேணி.

“நியூஸு.”

“நல்ல நியூஸா?”

“மழ வருமாம்.”

அந்த வாரம் நடுவில் அவள் ஒரு நாள் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“இது ஏன்யா இப்டி சூடாவுது? சார்ஜும் நிக்க மாட்டேங்குது.”

“வெயிலு.”

“பாண்டியன் கிட்ட காட்டினேன். அவனும் வெயிலுதான்னான்,” என்றாள். பாண்டியன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அதில் தப்பில்லை, கெட்டிக்காரன்தான்.

அடுத்த வியாழக்கிழமை காலை டூட்டி முடிந்து வந்ததும் படுக்கவில்லை. குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன்.

“எங்க கெளம்பிட்ட?”

“மில்லு ஓனரு திருமுக்கூடல் வரைக்கும் போயினு வரச் சொன்னாரு.”

“நைட் வாச்மேனுக்குப் பகல்ல இன்னா வேல?”

“நம்பிக்கையான ஆளு வேணுமாம்.”

“அதுக்கு உன்ன அனுப்புறாரா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. “சரி, வரப்போ வாலாஜாபாத்ல எறங்கி டெய்லராண்ட என் ஜாக்கெட்ட வாங்கினு வா. தைக்கலன்னா குந்தி தைக்க வெச்சி வாங்கினு வா.”

“உனக்கு மீட்டிங்கு இல்ல?”

“கீது. நீ முன்ன கெளம்பு.”

வழியில் பேத்திக்குப் பொரி உருண்டை வாங்கினேன். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொரி உருண்டை கடிக்க வருமா என்று கடைக்காரரைக் கேட்டேன். எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

திருமுக்கூடலில் மூன்று ஆறு கூடுகிறது. அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் கூடியிருந்தது. பத்தரைக்கே போய்க் கோயில் வெளியில் நின்றேன். பிறகு மணலில் நின்றேன். பிறகு ஒரு மரத்தடியில் நின்றேன். தற்செயலாக நிற்கிற மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு பெரியவர் வந்து, “யாருக்குத் திதி?” என்று கேட்டார். “யாருக்கும் இல்ல சாமி,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல் போனார். ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. செவ்வந்தி வரவில்லை. டெய்லர் ஜாக்கெட்டைத் தைத்திருக்கவில்லை. உட்கார்ந்து தைக்க வைத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பொரி உருண்டையை நானே தின்றேன்.

வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு வாசனை. என் போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

“போர்வ ஏன் தொவச்ச? முந்தாநேத்துதான தொவச்ச?”

“உன் போர்வன்னா கவலப்பட்டு தொவைக்கக் கூடாதா?”

அலைந்து வந்த மனசுக்கு அது இதமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தேன்.

‘செவ்வந்தி ஆல்வின். ஐயங்கார்குளம். 11.10 முதல் 2.40 வரை.’

இடத்தை மாற்றிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு பக்கம் தெம்பாக இருந்தது. மிஷின் பொய் சொல்லாது. நான் போன இடம் சரிதான், வாரம்தான் தப்பு.

மூன்றாவது வியாழக்கிழமை ஐயங்கார்குளம் கிளம்பினேன்.

“ஓனருக்கு ஐயங்கார்குளத்துலயும் வேலயா?”

“ஆமா.”

“உன்ன விட்டா அவருக்கு ஆளே கெடையாது பாவம். அங்கதான எங்க சித்தி பொண்ணு சொக்கம்மா கீறா. உளுந்து பொடச்சி வெச்சிருப்பா, வாங்கினு வா. சாப்டாம அனுப்ப மாட்டா, சாப்ட்டே வா.”

குளத்துப் படியில் உட்கார்ந்தேன். பெரிய குளம், ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறு கரையில் ஆள் அடையாளம் தெரியாது. ராத்திரி விழித்த கண் சொருகிக்கொண்டு போனது. திடுக்கிட்டு விழித்தபோது எதிர்க்கரையில் மஞ்சள் சேலை, இடுப்பில் குழந்தை. செவ்வந்தி நடப்பது போலவே ஒரு தோளைச் சாய்த்து நடந்தாள். நான் கரையைச் சுற்றி ஓடினேன். என் வயசுக்கு அது ஓட்டம் இல்லை, விழாமல் தப்பிப்பது. பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றபோது அந்தப் பெண் திரும்பினாள். யாரோ. அவள் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “யாருய்யா நீ? கொழந்த புடிக்கிறவனா?” என்று கேட்டாள். என் கையில் ஒரு ரப்பர் வாத்து வேறு இருந்தது. அது அந்த நேரம் பார்த்துக் கீச்சென்றது.

சொக்கம்மாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. “செங்கேணி உங்கள நாலு மணி வரைக்கும் ஒக்காத்தி வெச்சி நல்லா சோறு போட்டு அனுப்பச் சொல்லிச்சி மாமா,” என்றாள். என் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன்.

சாயந்திரம் பட்டியல் பார்த்தேன். ஏனாத்தூர். கொடியில் மறுபடியும் என் போர்வை. அவர்கள் போன இடத்துக்கெல்லாம் நான் சரியாக ஒரு வாரம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் ‘அம்முலு நைட்டீஸ்’ என்ற பெயர் இரண்டு வாரமாக இல்லை என்பதையும் கவனித்தேன். வியாபாரம் சரியில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒருவனை நம்பி ஒரு மில்லையே ஒப்படைத்திருக்கிறார்கள்.

நாலாவது வியாழக்கிழமை. “ஏனாத்தூரா? அப்டின்னா காஞ்சிபுரத்துல எறங்கி இந்த மிக்சி ஜாரக் குட்து பிளேடு மாத்தினு வா,” என்று ஒரு பையைக் கையில் திணித்தாள். அந்த அவசரத்தில் போனை அலமாரியில் சார்ஜிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏனாத்தூரில் காலேஜ் வாசலில் நின்றேன். ஆயிரம் பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். எல்லா வயசுப் பெண்ணும் தூரத்தில் செவ்வந்தியாக இருந்தாள். கிட்டே வந்ததும் வேறு ஆளானாள். மூன்று மணிக்கு, இனி இந்தப் பிழைப்பு வேண்டாம், இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செங்கேணியிடம் அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காஞ்சிபுரத்தில் ஜாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பு வாங்கினேன். அளவு கேட்டார்கள். என் விரலை நீட்டி, இவ்வளவு இருக்கும் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. செங்கேணி அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பேச வாய் வரவில்லை. அலமாரியிலிருந்து போனை எடுத்தேன்.

‘செவ்வந்தி ஆல்வின். வீடு. 9.40 முதல் 1.05 வரை.’

மிஷின் பேஜார் பண்ணுகிறது என்று நினைத்து ஒரு தட்டுத் தட்டினேன். அதேதான் இருந்தது. அது செங்கேணி போனிலிருந்து வந்த கணக்கு இல்லை. என் போனே குறித்தது. என் போன் என் வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு என் பெண்ணின் போனை மூன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறது.

அந்த நேரம் அம்முலு நைட்டி மூட்டையோடு உள்ளே வந்தாள். “யக்கா, இந்தா உன் போனு, இன்னிக்கி வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்ட்லயே…” என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்து நின்றாள். அவள் கையில் செங்கேணியின் போன். அது வீட்டுக்குள் நுழைந்ததும் என் போன் ஒரு மணி அடித்தது. ‘செவ்வந்தி ஆல்வின். வாலாஜாபாத். 11.00 முதல் 3.30 வரை.’

ஒரே ஆள். ஒரே நாள். இரண்டு இடம்.

“அம்முலு, உன் போனுக்குப் பேரு இன்னா?” என்றேன்.

“அது வந்துண்ணா… பாண்டியன்தான் மாத்தி வெச்சிக் குட்தாரு, வியாழக்கெழம மட்டும் ப்ளூடூத்த போடச் சொன்னாரு. எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும். நான் வரேங்க்கா,” என்று போனை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செங்கேணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அழுது வீங்கிய முகம்.

“செவ்வந்தி இங்க வந்தாளா?”

“வந்தா. இன்னிக்கி வந்தா. போன வாரம் வந்தா. அதுக்கு முன்ன வாரமும் வந்தா.”

“வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

“மிதிக்கலியே. பின்னாடி ஆட்டுக் கொட்டா வழியா வந்தா. நீ சொன்னா சொன்னதுதான்னு அவளுக்குந்தான் தெரியும்.”

“நான் போன்ல போட்டது உனக்கு யாரு சொன்னது?”

“பாண்டியன்தான். வேற யாரு? சூடாவுதுன்னு காட்டினேன்ல.”

“எதுக்கு என்ன இப்டி அலைய வெச்ச?”

“நீ சண்ட போடத்தான அலஞ்ச?” அவள் குரல் உடைந்தது. “மூணு வருசமா பஸ் ஸ்டாண்ட்லயும் ஆத்து மணல்லயும் நின்னுகினே பேசினோம். கைக்கொழந்தைய வெச்சிகினு வெயில்ல நிப்பா. அங்கயும் வந்து நீ கத்தினா நாங்க எங்க போறது? எந்த எடம்னு போன்ல வந்தா நீ அங்க ஓடறியே, அப்போ வூடு காலியாவுதேன்னு தோணிச்சி. கூப்ட்டேன். ஒரு நாளாச்சும் பொறந்த வூட்ல குந்தி சாப்ட்டுப் போவட்டும்னு கூப்ட்டேன். தப்பா?”

“போர்வ?” என்றேன்.

“பாப்பா உன் கட்டில்லதான் தூங்கும். எழுப்பறதுக்குள்ள நனச்சிடும்.”

மிக்சி ஜார் பையைத் திறந்து, அடியிலிருந்த செருப்பை எடுத்துக் கீழே வைத்தேன். “நான் சண்ட போடப் போவல,” என்றேன்.

செங்கேணி அந்தச் செருப்பையே பார்த்தாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

“பின்ன எதுக்குப் போன?”

“பாக்கறதுக்கு.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?”

“நீ கேக்கல.”

“தட்ட வீசற ஆள எப்டிய்யா கேக்கறது?”

அவள் செருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து அளந்தாள். “சின்னது. பத்தாது. நல்லா வளந்துட்டா,” என்றாள்.

“பேரு இன்னா?”

“தேவயானி.”

இரண்டு வயசுப் பேத்தியின் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். “சரி, அடுத்த வியாழக்கெழம நான் எங்கியும் போவல. வூட்லயே இருக்கேன். வாசப்படி வழியாவே வரச் சொல்லு. ஊரு இன்னா வேணா பேசிக்கட்டும்,” என்றேன்.

நாலு வருஷத்தில் நான் பேசிய நல்ல பேச்சு அது ஒன்றுதான். செங்கேணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

“அடுத்த வியாழக்கெழம ஏதுய்யா? மாப்ளய குஜராத்துக்கு மாத்திட்டாங்க. அதுக்குத்தான் இன்னிக்கி சீக்கிரமா வந்தா. அஞ்சு மணிக்கு ரயிலு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே கால். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு வாரம் தாமதமாக இல்லை, கால் மணி நேரம்தான் தாமதம்.

செங்கேணி தன் போனில் நம்பரைத் தட்டி என் காதில் வைத்தாள். ரயில் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது.

“சொல்லும்மா,” என்றாள் செவ்வந்தி.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

“நைனாவா?” என்றாள்.

“ஜன்னல் சீட்டா?” என்றேன்.

“ஆமா நைனா.” அழுகிறாள் என்று தெரிந்தது. “நைனா, அம்மா எல்லாம் சொல்லிச்சி. நாங்க வந்துனு போவட்டும்னுதான் நீ ராத்திரி வேல பாத்துட்டு வந்து தூங்காம, வியாழக்கெழம ஆனா வூட்ட விட்டுட்டு எங்கியோ வெயில்ல போயி நிக்கிறியாமே. உன் சத்தியமும் கெடக் கூடாது, எங்களையும் தடுக்கக் கூடாதுன்னு. நான் மூணு வாரமும் நீ சீக்கிரம் வந்துருவேன்னு பாத்துனே இருந்தேன் நைனா. கட்டில்ல உன் போர்வைய வெச்சினு குந்தினு இருந்தேன். நீ வரல. பரவால்ல நைனா. நீ எங்களுக்காகத்தான வரல.”

நான் செங்கேணியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

குளத்தங்கரையில் நான் இவளுக்காகக் காத்திருந்த நேரத்தில் இவள் என் கட்டிலில் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். உன்னைத் தேடித்தான் போனேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால், ஒரு நாள் வீட்டில் சும்மா படுத்திருந்தால் பார்த்திருக்கலாமே என்று அவளுக்கும் தெரிந்துவிடும். குஜராத் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு போவாள். நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டாவது போகட்டும்.

“ஆமா,” என்றேன்.

“பாப்பா கிட்ட பேசறியா நைனா?”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. குழந்தை மூச்சு விடுவது கேட்டது. “தேவயானி,” என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி போட்டோம், போகவில்லை. மறுபடி போட்டோம்.

டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு டார்ச் லைட்டை எடுத்தேன். செங்கேணி சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள். கருவாட்டுக் குழம்பு, செவ்வந்தி சாப்பிட்டது போக மீதி.

“எப்போ திரும்பி வருவாங்க?”

“ரெண்டு வருசமாவும்னு மாப்ள சொன்னாரு.”

“எந்த ஸ்டேசன்ல வந்து எறங்குவாங்க?”

“அத மட்டும் உங்கிட்ட சொல்லவே மாட்டேன்,” என்றாள் செங்கேணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சொன்னா நீ அங்க போயி நின்னுப்ப.”